வேலை அறிந்த கை

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆராய்ச்சி மாணவியாக உன்னைச் சேர்த்துக்கொள்ள இடமில்லை என்று அந்த ஆராய்ச்சிசாலையார் எழுதிவிட்டதையும், மாதிரிப் பொருள்களைச் சுத்திகரித்துக் கொடுக்கும் உதவியாளர் வேலை வேண்டுமானால் உண்டு என்று அவர்கள் தெரிவித்ததையும், ரசாயனத்தில் முதல் வகுப்பில் தேறிய உனக்கு அது இழிவாகப் பட்டதையும் படித்தேன். உன் வருத்தம் நியாயமானதே. ஆயினும் அவர்களுக்கு மறுமொழி எழுதுமுன், வாழ்நாளெல்லாம் ரசாயனம் போதித்து வந்த என் நெஞ்சில் மேரி கியூரி அம்மையாருக்கு அடுத்தபடியாக நிலைத்திருக்கும் ஒரு பெண்மணியின் சரித்திரத்தை நீ பொறுமையுடன் கேட்க வேண்டும்.

எல்லென் கிளெடிச் 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி நார்வே தேசத்தின் தென்கோடியிலுள்ள மண்டால் என்னும் ஊரில் பிறந்தார். பெரிய குடும்பத்தின் மூத்த குழந்தை. தந்தையார் பள்ளி ஆசிரியர். தாயார் பெண்களின் வாக்குரிமையை ஆதரித்தவர். வடதுருவ வட்டத்துக்கும் அப்பாலுள்ள ட்ரோம்ஸோவில் பள்ளிக் கல்வியை முடித்த அவருக்கு, சர்வகலாசாலைக்குப் போகும் வழி அடைபட்டிருந்தபடியால், மருந்துச்சாலை ஒன்றில் பயிற்சிக்குச் சேர்ந்தார். நிறுத்தும், அளந்தும், கரைத்தும், வடித்தும் அங்கே பழகிய கைகளே பிற்காலத்தில் அவருக்கு ஆஸ்தியாயின. பிறகு தலைநகரான கிறிஸ்தியானியாவில் (பின்னாளில் ஓஸ்லோ) ரசாயனம் பயின்று, 1905-இல் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சையிலும் தேறினார்.

1907-இல் அவர் கண்களெல்லாம் பாரிஸ் நகரத்தின் மீது இருந்தன. அவருக்காக ஆசிரியர் ஒருவர் கியூரி அம்மையாரிடம் பரிந்து பேசியபோது, ஆராய்ச்சிசாலையில் இடமில்லை என்பதே முதலில் கிடைத்த பதில். ஆனால் வந்தவர் மருந்துச்சாலையில் கைபழகியவர் என்று தெரிந்ததும், பேரியம், ரேடியம் உப்புகளைப் படிகமாக்கிப் பிரித்துக் கொடுப்பதற்கு ஈடாக, கட்டணம் வாங்காமல் அவரைச் சேர்த்துக்கொள்ள கியூரி அம்மையார் இசைந்தார்.

அந்த வேலை எத்தகையது என்பதை நீ அறிவாய். ரேடியமும் பேரியமும் ரசாயன குணங்களில் உடன்பிறப்புகளைப் போன்றவை, எளிதில் பிரியமாட்டா. கரைசலைக் காய்ச்சி ஆறவிட்டால், கரைதிறன் சற்றே குறைந்த ரேடியம் உப்பு படிகங்களில் கொஞ்சம் கூடுதலாகச் சேரும். அப்படிகங்களை மீண்டும் கரைத்து, மீண்டும் காய்ச்சி, மீண்டும் ஆறவிட்டு, ஒவ்வொரு சுற்றிலும் ரேடியத்தின் பங்கு சிறிது சிறிதாக உயர்வதைக் கண்டு அமைதி கொள்ள வேண்டும். இதைக் கூலி வேலை என்று கருதியிருந்தால் அவர் கூலியாளாகவே நின்றிருப்பார். ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அதைச் செய்துகொண்டே, தமக்குரிய ஆராய்ச்சிகளையும் நடத்தி, சார்போன் சர்வகலாசாலையின் பட்டத்தையும் பெற்றுத் திரும்பினார்.

அக்காலத்தில், நோபல் பரிசு பெற்ற வில்லியம் ராம்சே, ரேடியத்திலிருந்து எழும் வாயுவின் செயலால் தாமிரம் லித்தியமாக மாறுகிறது என்று அறிவித்து, விஞ்ஞான உலகத்தையே வியப்பில் ஆழ்த்தியிருந்தார். கியூரி அம்மையாரும் கிளெடிச்சும் 1908-இல் கண்ணாடிப் பாத்திரத்தை ஒதுக்கிவிட்டு, பிளாட்டினப் பாத்திரத்தில் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள், லித்தியம் உண்டாகவில்லை. கண்ணாடியிலிருந்து கசிந்ததையே ராம்சே புதிதாகப் பிறந்ததாக எண்ணிவிட்டார் என்பது தெளிவாயிற்று. எவ்வளவு பெரிய பெயருக்கும் அஞ்சாமல் பாத்திரத்தையே சந்தேகிக்கும் துணிவு, தன் கையால் பாத்திரங்களைக் கழுவிப் பழகியவருக்கே எளிதில் வரும்.

பின்னர் அமெரிக்காவில் வேலை செய்ய விரும்பி கிளெடிச் எழுதிய கடிதங்களுக்கு வந்த பதில்களும் உற்சாகம் அளிப்பவையாக இல்லை. ஹார்வர்டில் இருந்த தியடோர் லைமன், தம் பௌதிக ஆராய்ச்சிசாலையில் அதுவரை எந்தப் பெண்ணும் காலடி வைத்ததில்லை என்று எழுதினார். யேல் சர்வகலாசாலையின் பெர்ட்ராம் போல்ட்வுட்டும் விருப்பம் காட்டவில்லை. இருந்தும் அவர் 1913-இல் கப்பலேறி யேலுக்கே போய்ச் சேர்ந்தார். ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் எவ்வளவு என்பது பற்றி அறிஞர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்லி வந்த அந்நாளில், அவர் அரும்பாடுபட்டு அளந்து கண்ட எண் 1,686 ஆண்டுகள். இன்று நாம் ஒப்புக்கொள்ளும் 1,600-க்கு அது எவ்வளவு அண்மையில் நிற்கிறது என்று பார். 1914-இல் ஸ்மித் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1917-இல் நார்வேயின் விஞ்ஞானக் கழகம் அவரை உறுப்பினராக்கிக் கொண்டது. 1929-இல், எதிர்ப்புகளையும் மீறி, அவர் ஓஸ்லோவில் ரசாயனப் பேராசிரியரானார். அந்நாட்டில் பேராசிரியர் பதவி அடைந்த இரண்டாவது பெண்மணி அவர்.

மேலே ஏறியபின் ஏணியை அவர் தள்ளிவிடவில்லை. 1926 முதல் 1929 வரை சர்வதேசப் பட்டதாரிப் பெண்கள் சம்மேளனத்தின் தலைவியாக இருந்து, பிற நாடுகளுக்குச் சென்று பயில விரும்பிய பெண்களுக்கு உதவித்தொகை கிடைக்க உழைத்தார். நாஜிகளால் துரத்தப்பட்ட வியன்னாவின் பௌதிக அறிஞர் மாரியெட்டா பிளாவுக்கு 1938-இல் ஓஸ்லோவில் வேலை செய்ய இடம் கொடுத்தவரும் அவரே.

இனி, நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அந்த உதவியாளர் வேலையை வெறுத்து ஒதுக்காதே; அவ்வாறே கண்ணை மூடிக்கொண்டும் ஏற்காதே. உழைப்புக்கு ஈடாகத் தமக்குரிய ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்ததனால்தான் கிளெடிச் உயர்ந்தார். ஆகவே, சுத்திகரிக்கும் பொறுப்பை ஏற்கிறேன், அதோடு கூட எனக்கென ஒரு பிரச்சினையை எடுத்து ஆராயவும் அனுமதிக்க வேண்டும் என்று பணிவாக, ஆனால் தெளிவாக எழுதிக் கேள். இசைந்தால் உடனே போய்ச் சேர். மறுத்தால் வேறோரிடத்துக்கு எழுது. பெண் என்பதற்காகக் கதவை அடைப்பது அநியாயம். அதைப் பொறுத்துப் போ என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். எந்த வேலையானாலும் உன்னைவிட நேர்த்தியாக அதை வேறொருவர் செய்ய முடியாது என்னும் நிலைக்கு உன் கையைப் பழக்கிக்கொள். அந்தத் தேர்ச்சியை எவராலும் உன்னிடமிருந்து பறிக்க இயலாது. நீ உள்ளே போனபின், உனக்குப் பின்னால் வரும் பெண்ணுக்கு இடமில்லை என்ற சொல் உன் வாயிலிருந்து வரலாகாது.

கிளெடிச் அம்மையாருக்குத் தாம் மாணவியாகப் பயின்ற சார்போன் சர்வகலாசாலையே 1962-இல் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிற்று. அந்தப் பெருமை பெற்ற முதற்பெண் அவர். 1968-இல், எண்பத்தெட்டாவது வயதில் காலமானார். அவர் வழியில் நீயும் நட. இன்றே பதில் எழுது.

இப்படிக்கு,
உன் நலம் விரும்பும் தாத்தா