நீச்சல் குளமும் குளோரினும்

நீச்சல் குளத்தை நெருங்கும்போதே சில வேளைகளில் கடும் நெடி மூக்கைத் துளைக்கும். "குளோரினை அதிகமாகக் கலந்துவிட்டார்கள்" என்று நாம் குறைகூறுவோம். உண்மை வேறு. நீந்துவோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் குளோரின் வினைபுரியும்போது குளோரமின் என்னும் சேர்மம் உண்டாகிறது. அந்த நெடிக்கும் கண் எரிச்சலுக்கும் பெரும்பாலும் அதுவே காரணம்.

பலர் இறங்கும் நீரில் நோய்க்கிருமிகள் பரவாமல் தடுப்பது குளோரின். அதன் மூன்று வடிவங்களை இங்கு ஒப்பிடுவோம்.

முதலாவது, சோடியம் ஹைப்போகுளோரைட் என்னும் திரவம். இதில் பயன்தரும் குளோரின் ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு. இது நீரில் உடனே கலந்துவிடும். ஆனால், வெப்பத்தால் வீரியம் இழக்கும். ஆண்டு முழுதும் வெயில் காயும் நம் நாட்டில் இதை நெடுநாள் சேமித்து வைக்க இயலாது.

இரண்டாவது, கால்சியம் ஹைப்போகுளோரைட் என்னும் குருணை. இதில் குளோரின் ஏறத்தாழ 65 விழுக்காடு. உலர்ந்த இடத்தில் வைத்தால் நெடுநாள் கெடாது. எனினும், நீரில் கால்சியம் மிகுந்தால் சுவரிலும் குழாயிலும் வெண்படிவம் ஏற்படும்.

மூன்றாவது, டிரைகுளோர் வில்லை. இதில் குளோரின் ஏறத்தாழ 90 விழுக்காடு. இது மெல்லக் கரைவதால் வேலை மிச்சம். இதிலுள்ள சயனூரிக் அமிலம், குளோரின் வெயிலில் சிதையாமல் காக்கிறது. ஆனால், அவ்வமிலம் நாளடைவில் மிகுந்துவிட்டால் கிருமிகள் அழியும் வேகம் குறையும். அப்போது குளத்து நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுநீர் நிரப்ப வேண்டும்.

முதல் இரண்டும் நீரின் பிஎச் மதிப்பை உயர்த்தும். வில்லை அதைக் குறைக்கும். அம்மதிப்பு 7.2 முதல் 7.8 வரை இருப்பது நன்று. அதற்கு மேல் போனால், குளோரின் இருந்தும் அதன் ஆற்றல் குன்றிவிடும்.

"எல்லாம் குளோரின்தானே!" என்று எண்ணி, குருணையையும் வில்லையையும் ஒரே வாளியில் கலப்பது பேராபத்து. அக்கலவை தீப்பற்றலாம், வெடிக்கவும் கூடும். திரவத்தோடு அமிலம் சேர்ந்தாலோ நச்சுவாயு வெளிப்படும். ஆகவே, ஒவ்வொன்றையும் தனித்தனியே வைப்பதும் தனிக் கரண்டியால் அள்ளுவதும் கட்டாயம்.

எவ்வடிவம் சிறந்தது என்பதை, குளம் அமைந்த இடமும் பராமரிப்பவரின் வசதியுமே முடிவுசெய்யும். நம் கடமையோ எல்லாக் குளங்களிலும் ஒன்றுதான்: இறங்குமுன் உடலை நன்கு கழுவுவோம்; குளத்து நீரில் சிறுநீர் கழிப்பதைத் தவிர்ப்போம். நாம் தூய்மையாக இறங்கினால், குளோரின் தன் வேலையை முழுமையாகச் செய்யும்.

சிந்திக்க: கூரையுள்ள குளத்திற்கு நீ எவ்வடிவத்தைப் பரிந்துரைப்பாய்? ஏன்?