மணமுடிக்கத் தடுக்கப்பட்ட உறவுகள்: தவ்ராத்தும் குர்ஆனும்



நம் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பிற சமயக் குடும்பங்கள் பலவற்றில் அக்காள் மகளைத் தாய்மாமன் மணப்பது உரிமை. வழக்கம் இருந்தால் 1955 இந்துத் திருமணச் சட்டமும் அதை ஏற்கிறது. நமக்கு அது ஹராம்.

பனூ இஸ்ராயீல்களின் சட்டம் என்ன? லேவியராகமம் 18-ஆம் அதிகாரம் தாய், மாற்றாந்தாய், சகோதரி, பேத்தி, அத்தை, தாயின் சகோதரி, மருமகள் ஆகியோரைத் தடுக்கிறது. மனைவி உயிரோடிருக்கும்போது அவள் சகோதரியையும் தடுக்கிறது. ஆனால் சகோதரன் மகளும் சகோதரி மகளும் அந்தப் பட்டியலில் இல்லை. எனவே யூத ரப்பிகள் அதை அனுமதித்தார்கள். காராயிம் என்ற யூதப் பிரிவினர் தடுத்தார்கள்.

அல்லாஹ் குர்ஆனில் (4:23) இவ்விருவரையும் வெளிப்படையாகவே குறிப்பிட்டுத் தடுத்துவிட்டான். மாமன் நம் பெண்ணுக்கு மஹ்ரம். காவலர், மாப்பிள்ளை அல்லர்.

மாமன், அத்தை, சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளை மணக்கலாம், தவ்ராத்திலும் தடையில்லை. ஆனால் ஆகுமானது எல்லாம் கடமையாகிவிடாது. டேனரியின் பங்கு வெளியே போகக்கூடாது, சொந்தம் விட்டுப்போகக்கூடாது என்று மகளின் சம்மதம் கேட்காமல் நிச்சயித்துவிடாதீர்கள். கன்னிப் பெண்ணிடமும் சம்மதம் கேட்கச் சொன்னவர்கள் நபி (ஸல்) அவர்கள்.

தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே முடித்தால் பரம்பரை நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. குடும்பத்தில் தலசீமியா போன்ற நோய் இருந்தால் நிக்காஹ்வுக்கு முன்பே இருவரும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மரபணு ஆலோசனைக்கு வேலூர் சி.எம்.சி. பக்கத்திலேயே இருக்கிறது.

ஹலாலின் எல்லையையும் பிள்ளைகளின் நலனையும் சேர்த்தே பேணும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.