கடலடியில் ஒரு நாற்றங்கால்

பவளம் கல்லைப் போலத் தோன்றினாலும் அஃது ஓர் உயிரினம். அதன் உடலுக்குள் வாழும் நுண்பாசிகள் சூரிய ஒளியைக்கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பகுதியைப் பவளத்திற்கே வழங்குகின்றன. எனவே, ஒளி குறைந்தால் பவளத்திற்கு உணவும் குறையும்.

சிங்கப்பூர்க் கடற்பகுதியில் 250க்கும் மேற்பட்ட பவள வகைகள் வாழ்கின்றன. ஆனால், நிலமீட்புப் பணிகளால் இங்கிருந்த பவளப்பாறைகளில் பாதிக்கும் மேல் அழிந்துவிட்டன. அப்பணிகளின்போது கிளம்பிய வண்டல் கடல்நீரையும் கலங்கச் செய்தது. 1960களில் நீருக்குள் ஏறத்தாழ 10 மீட்டர் தூரம்வரை பார்க்க முடிந்தது. பின்னர், அது 2 மீட்டராகக் குறைந்தது. இத்தகைய கடலில் பவளப்பாறைகளை மீண்டும் வளர்க்க முடியுமா?

1989ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் புலாவ் ஹந்து அருகே கான்கிரீட் பெட்டிகளையும் பழைய டயர்களையும் இறக்கிச் செயற்கைப் பாறைகளை அமைத்தனர். மீன்கள் அவற்றை நாடி வந்தன. ஆனால், பவளம் மீனைப் போல நீந்தி இடம் மாறுவதில்லை. நீரில் மிதந்துவரும் அதன் இளம்புழு, தூய்மையான, உறுதியான பரப்பில் ஒட்டிக்கொண்டால்தான் வளரும். வண்டல் படிந்த பரப்பில் அதனால் ஒட்ட முடியாது.

ஆகவே, 2001ஆம் ஆண்டில் வண்டல் அதிகம் தேங்காத வடிவில் கண்ணாடி இழை அமைப்புகள் கடலடியில் வைக்கப்பட்டன. இளம் பவளங்கள் அவற்றில் ஒட்டி வளர்ந்தன. எனினும், இளம்புழு தானாக வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பவளமோ மிக மெதுவாக வளரும்.

2007ஆம் ஆண்டில் புலாவ் செமாகாவ் அருகே வேறொரு வழி கையாளப்பட்டது. உடைந்து கடலடியில் கிடக்கும் பவளத்துண்டுகள் அலையில் உருண்டும் வண்டலில் புதைந்தும் மடிவது வழக்கம். ஆய்வாளர்கள் அத்துண்டுகளைச் சேகரித்து, தரையிலிருந்து உயர்த்திய சட்டங்களில் கட்டிய வலைகள்மீது வளர்த்தனர். வலையின் கண்கள் வழியாக வண்டல் கீழே விழுந்துவிடும். உழவர் நாற்றங்காலில் வளர்த்த நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவதைப் போல, வளர்ந்த துண்டுகளைப் பாறைகளில் நட இது வழிவகுத்தது.

ஆனால், வெப்பத்தை எந்த வலையாலும் சலித்துவிட முடியாது. 2024ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானபோது, பவளங்கள் தம்முள் வாழ்ந்த பாசிகளை இழந்து வெளிறின. பெரும்பாலானவை மீண்டன; சில மடிந்தன. அதே ஆண்டு டிசம்பரில், ஒரு லட்சம் பவளங்களை நடும் திட்டத்தைத் தேசியப் பூங்காக் கழகம் தொடங்கியது. அத்திட்டம் பத்து ஆண்டுகளுக்கு மேல் நீடிக்கும்.

முதலில் ஆய்வாளர்களுக்குச் சவாலாக இருந்தது வண்டல். இன்று அதனுடன் வெப்பமும் சேர்ந்துகொண்டது. எந்தப் பவளங்கள் சூட்டைத் தாங்கும், எவற்றை எங்கே நட வேண்டும் என்பவை அவர்கள் விடைகாண வேண்டிய அடுத்த கேள்விகள்.