பூத சதுர்த்தசியும் பிள்ளைகளின் பயமும்

காளி பூஜைக்கு முந்திய இரவைக் கொல்கத்தாவில் பூத சதுர்த்தசி என்பார்கள். நாம் நரக சதுர்த்தசி என்று எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற அதே திதிதான். வங்காளிகள் அன்று 14 வகைக் கீரை சமைத்து உண்டு, மாலையில் 14 விளக்கு ஏற்றுவார்கள். 14 தலைமுறை முன்னோர்கள் அன்றிரவு வீட்டுக்கு வருவதாகவும், விளக்கொளி தீய ஆவிகளை விரட்டுவதாகவும் நம்பிக்கை. பந்தல்களில் காளியின் இருபுறமும் டாகினி, யோகினி உருவங்கள் கோரப் பற்களோடு நிற்கும். பள்ளியிலும் மாடிப்படியிலும் பேய்க் கதைதான்.

பயந்து மகிழ்வதும் ஒரு விளையாட்டே. ஆனால் ஐந்தாறு வயதுக் குழந்தைக்குக் கதையையும் நிஜத்தையும் பிரித்தறிவது எளிதன்று. பாட்டியும் அத்தையும் ஊரில் இருக்க, இங்கே நம் பிள்ளைகளுக்குத் துணை நாம்தான். எனவே சில யோசனைகள்:

1. "இவ்வளவு பெரிய பையன் பயப்படலாமா?" என்று கேலி செய்யாதீர்கள். பயம் போகாது, நம்மிடம் சொல்வதுதான் நின்றுபோகும். எதைப் பார்த்தாய், யார் என்ன சொன்னார்கள் என்று பொறுமையாகக் கேளுங்கள்.

2. பந்தலைப் பகலில் காட்டுங்கள். முடிந்தால் முன்கூட்டியே குமார்துலிக்கு அழைத்துச் செல்லுங்கள். மூங்கில், வைக்கோல், களிமண் கொண்டு உருவம் எழுவதைக் கண்ட பிள்ளைக்கு அச்சம் குறையும்.

3. சோறூட்டவும் தூங்க வைக்கவும் பூச்சாண்டியைக் கூப்பிடாதீர்கள்.

4. பேய்ப்படமும் பேய்க்கதையும் படுக்கும் நேரத்தில் வேண்டாம். வழக்கமான நேரத்தில் தூங்கட்டும். சிறு விளக்கு எரியட்டும்.

5. அண்மையில் ஒருவரை இழந்த வீட்டில், "முன்னோர் வருவார்கள்" என்ற பேச்சு பெரியவர்களையும் கலங்க வைக்கும். அழுதால் தடுக்காதீர்கள். மறைந்தவரைப் பற்றிச் சேர்ந்து பேசுங்கள்.

6. மனநோய்க்கு மருந்து உட்கொள்பவர்கள் பண்டிகைக் கண்விழிப்பைத் தவிர்க்க வேண்டும். ஒரு வேளை மாத்திரையும் விடலாகாது.

பயம் வாரக்கணக்கில் நீடித்து, தூக்கம், சாப்பாடு, பள்ளி ஆகியவற்றைக் கெடுத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். மந்திரிப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். வங்காளியிலோ இந்தியிலோ மனக்கவலையைச் சொல்ல வராதே என்று தயங்கவும் வேண்டாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையைக் கட்டணமின்றி எந்நேரமும் 14416 என்ற எண்ணில் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை வீட்டுத் தொலைபேசிக் குறிப்பில் இன்றே எழுதி வையுங்கள்.