பச்சையவுருமணியுள் ஒரு மணி

கிளமிடோமொனாசு என்னும் ஒருகல அல்காவை நுணுக்குக்காட்டியில் நோக்கின், அதன் கிண்ணவடிவப் பச்சையவுருமணியின் அடியில் மாப்பொருளுறை சூழ்ந்த மணியொன்று தோன்றும். இதுவே பைரினொயிட்டு. பழக்கொட்டையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1882-இல் சிமிற்சு என்பார் இப்பெயரை இட்டார். கருவைப் போன்ற தோற்றத்தால் மாணவர் இதனைக் கருவென மயங்குதல் இயல்பே.

பரம்பரைப் பொருளாகிய டீ.என்.ஏ. இவ்வல்காவின் பச்சையவுருமணியிலும் உண்டென்பதை 1962-இல் றிசு, புளோட்டு ஆகிய இருவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு காட்டினர். பைரினொயிட்டில் செறிந்திருப்பதோ றுபிசுக்கோ என்னும் நொதியம்; காபனீரொட்சைட்டைச் சேதனப் பொருளாகப் பிணைப்பது அதுவே.

இங்கேதான் விந்தை. நொதியத்தின் பெரிய கூறுக்குரிய கட்டளை பச்சையவுருமணி டீ.என்.ஏ.யிலும், சிறிய கூறுக்குரியது கருவிலும் உள்ளன. இரண்டிலொன்று அழியினும் நொதியம் உருவாகாது. அக்கலம் அசற்றேற்று ஊட்டினாலன்றி வளராது. சிறிய கூறுக்குப் பதிலாக உயர்தாவரத்தின் கூறைப் புகுத்திய கலங்களில் நொதியம் தொழிற்பட்டது. பைரினொயிட்டு மட்டும் தோன்றவேயில்லை. அவை காபனீரொட்சைட்டு மிகுந்த வளியிலன்றிச் செழிக்கவில்லை. நெடுங்காலம் திண்ம மணியெனக் கருதப்பட்ட இது திரவத்துளி போன்று இயங்கி, கலம் பிரியும்போது தானும் பிரிகின்றதென 2017-இல் அறியப்பட்டது.