கேமரா பையைக் குறைத்து குழந்தைக்குச் சேமிப்பது எப்படி?

திண்டிவனம் பக்கம் படம் எடுப்பதில் ஆர்வமுள்ள பல இளைஞர்களின் வீட்டு பீரோவில் ஒரு கேமரா பை இருக்கும். கல்யாணத்துக்கு முன்பு வாங்கிய பாடி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்த லென்ஸ்கள், பிளாஷ், டிரைபாட். செஞ்சிக் கோட்டைக்கு வைடு லென்ஸ், கழுவேலிப் பறவைகளுக்கு டெலி லென்ஸ், மரக்காணம் உப்பளத்தில் விடியலைப் பிடிக்க டிரைபாட் என்று ஒவ்வொன்றையும் வாங்க அன்றைக்கு நியாயமான காரணம் இருந்தது.

குழந்தை பிறந்த பிறகு நிலைமை வேறு. விடியற்காலையில் கழுவேலிக்குக் கிளம்ப முடிவதில்லை. வீட்டுச் செலவு கூடியிருக்கிறது. கேமராவோ பையிலேயே கிடந்து, மாதத்துக்கு மாதம் விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் பையைக் குறைப்பது ஆசையைக் கைவிடுவது ஆகாது. தேவையானதை வைத்துக்கொண்டு, மற்றதை நல்ல விலைக்கு விற்று, அந்தப் பணத்தைக் குடும்பத்துக்கு நிலையான சேமிப்பாக ஆக்கிக்கொள்வதற்கு வழி இருக்கிறது.

குறைந்த பொருளோடு பெரிய படம் எடுக்க முடியுமா என்ற தயக்கம் உள்ளவர்களுக்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். அதே மாதம் புதுச்சேரியில் அரவிந்தரைப் படமெடுத்தார். அந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் சாலையில்தான் திண்டிவனம் இருக்கிறது. உலகமே கொண்டாடும் அந்தக் கலைஞர் தன் வாழ்நாளில் பெரும்பாலும் பயன்படுத்தியது ஒரு சிறிய லைக்கா கேமராவும் 50 மி.மீ. லென்ஸும்தான்.

இனி செய்ய வேண்டியவை, வரிசையாக.

1. கடந்த ஒரு வருடப் படங்களைக் கணக்கெடுங்கள்

எதை விற்பது என்பதை மனசைக் கேட்டு முடிவு செய்யாதீர்கள், படங்களைக் கேளுங்கள். ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் எந்த லென்ஸ், எத்தனை மி.மீ., எந்தத் தேதி என்ற விவரம் பதிவாகியிருக்கும். லைட்ரூம் வைத்திருப்பவர்கள் லைப்ரரி பகுதியில் மெட்டாடேட்டா ஃபில்டரைத் திறந்து லென்ஸ் வாரியாகப் பிரித்தால், எந்த லென்ஸில் எத்தனை படம் என்று உடனே தெரியும். லைட்ரூம் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் டிஜிகேம் மென்பொருளில் இதைத் தேடலாம்.

மொத்தப் படங்களை மட்டும் பார்க்காமல், பிரேம் போட்டவை, ஆல்பத்தில் சேர்த்தவை, சொந்தக்காரர்களுக்கு அனுப்பியவை ஆகியவற்றைத் தனியாக எண்ணுங்கள். உங்களுக்குப் பிடித்த படங்களில் பெரும்பகுதி ஒன்றிரண்டு லென்ஸ்களில் எடுக்கப்பட்டிருந்தால், வைத்துக்கொள்ள வேண்டியவை அவைதான்.

2. மூன்று பட்டியல் போடுங்கள்

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார்ந்து இதைச் செய்யுங்கள். முதல் பட்டியல்: மாதம் ஒருமுறையாவது கையில் எடுப்பவை. இரண்டாவது: வருடத்தில் சில நாள் மட்டும் தேவைப்படுபவை. மூன்றாவது: ஒரு வருடமாகத் தொடாதவை. மூன்றாவது பட்டியல் முழுவதும் விற்பனைக்கு.

இரண்டாவது பட்டியலுக்கு வாடகைக் கணக்கு போடுங்கள். உதாரணமாக, ஒரு டெலி லென்ஸை இன்று விற்றால் ரூ.45,000 கிடைக்கும், அதே லென்ஸுக்கு ஒரு நாள் வாடகை ரூ.1,000 என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு நான்கு நாள் வாடகைக்கு எடுத்தால் ரூ.4,000. விற்ற பணத்தில் பதினோரு வருடம் வாடகை கொடுக்கலாம். அதற்குள் அந்த லென்ஸின் விலை எவ்வளவோ இறங்கியிருக்கும். உங்கள் ஊர் வாடகையைக் கேட்டு, சொந்த எண்களை இட்டுப் பாருங்கள்.

பறவை ஆர்வலர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே பொருந்தும். கழுவேலி 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அங்கும் வேடந்தாங்கலிலும் வலசைப் பறவைகள் திரளாக இருப்பது மழைக்குப் பிந்தைய சில மாதங்கள்தான். அந்தச் சில மாதங்களுக்காக வருடம் முழுவதும் பெரிய தொகையைப் பீரோவில் பூட்டி வைக்கத் தேவையில்லை.

பகுதிநேரமாகக் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எடுப்பவர்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் கேமரா நின்றுவிட்டால் அந்தக் கணம் திரும்ப வராது. ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கும் வரை இரண்டாவது பாடியையும் கூடுதல் பிளாஷையும் விற்காதீர்கள். சம்பாதித்துக் கொடுக்கும் பொருள் வேறு, சும்மா கிடக்கும் பொருள் வேறு.

3. வைத்துக்கொள்ள வேண்டியவை

வளரும் குழந்தையைப் படமெடுக்க ஒரு பாடி, ஒரு பிரைம் லென்ஸ், ஒரு கிட் லென்ஸ் போதும். ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா என்றால் 35 மி.மீ. எஃப் 1.8, ஃபுல் ஃபிரேம் என்றால் 50 மி.மீ. எஃப் 1.8.

இதற்குக் காரணம் வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சம். கிட் லென்ஸ் 35 மி.மீ.யில் பொதுவாக எஃப் 4.5 வரைதான் திறக்கும். எஃப் 1.8 லென்ஸ் அதைப்போல ஆறு மடங்கு ஒளியை உள்ளே விடும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் ஓடும் குழந்தையைக் கலங்காமல் எடுக்க இதுதான் உதவும். இந்த எஃப் 1.8 பிரைம் லென்ஸ் பெரும்பாலான நிறுவனங்களில் விலை குறைந்த வகைகளில் ஒன்று. அதை விற்றாலும் பெரிதாகப் பணம் வராது. எனவே அதை வைத்துக்கொண்டு, விலை உயர்ந்த ஜூம் லென்ஸை விற்பதே லாபம்.

இவற்றோடு இரண்டு பேட்டரி, மெமரி கார்டுகள், படங்களைப் பிரதி எடுத்து வைக்க ஹார்டு டிஸ்க் ஆகியவற்றை வைத்துக்கொள்ளுங்கள். வெளியே போகும்போது கைபேசி போதும்.

4. எதை முதலில், எப்போது விற்பது

முதலில் விற்க வேண்டியது கூடுதலாக இருக்கும் டிஎஸ்எல்ஆர் பாடி. 2018-இல் நிக்கான் இசட் வரிசையையும் கேனான் ஆர் வரிசையையும் கொண்டுவந்து மிரர்லெஸ் பக்கம் நகர்ந்தன. அதிலிருந்து பழைய டிஎஸ்எல்ஆர் பாடிகளைக் கேட்பவர்களும் குறைகிறார்கள், விலையும் குறைகிறது. லென்ஸ்கள் அவ்வளவு வேகமாக இறங்குவதில்லை. கேனானின் ஈஎஃப் லென்ஸ்களை அந்த நிறுவனத்தின் அடாப்டர் போட்டு ஆர் வரிசையில் பயன்படுத்தலாம். நிக்கானின் ஏஎஃப்-எஸ் லென்ஸ்களுக்கும் எஃப்டிஇசட் அடாப்டர் உண்டு. ஆனால் லென்ஸுக்குள் மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் அந்த அடாப்டரிலும், நிக்கானின் டி3000, டி5000 வரிசைப் பாடிகளிலும் தானாக ஃபோகஸ் ஆகாது. விற்கும்போது இதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

நம் ஊரில் கேமராவுக்கு முகூர்த்த நாட்காட்டியே சந்தை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆவணியும் தையும் பிறக்கும் முன்பு, கல்யாணம் எடுப்பவர்கள் அடுத்த சீசனுக்குத் தயாராகும் நேரத்தில் விளம்பரம் கொடுங்கள்.

அதற்காக அடைமழைக் காலம் முழுவதும் லென்ஸைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கண்ணாடிக்குள் பங்கஸ் பிடித்தால் பூச்சு அரிக்கப்பட்டு விலை சரிந்துவிடும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, நிறம் மாறும்போது ஜெல்லைச் சூடாக்கி ஈரம் போக்கி மறுபடி போடுங்கள்.

5. விற்பனைக்குத் தயார் செய்யுங்கள்

லென்ஸின் ஒரு முனையில் டார்ச் அடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற நூல்கள் தெரிந்தால் பங்கஸ். அது இருந்தால் மறைக்காதீர்கள். படமெடுத்துக் காட்டி, அதற்கேற்ற விலை கேளுங்கள்.

பாடிக்கு ஷட்டர் கவுன்ட் கேட்பார்கள். நிக்கான் கேமராவில் எடுத்த படக் கோப்பிலேயே அந்த எண் பதிவாகும். கேனானில் பெரும்பாலும் அப்படிப் படத்தில் பதிவாவதில்லை. சர்வீஸ் சென்டரிலோ தனி மென்பொருளிலோ பார்க்க வேண்டும். நிக்கான் டி7200, கேனான் 5டி மார்க் 3 போன்றவற்றின் ஷட்டர் 1,50,000 முறை வரை சோதிக்கப்பட்டது என்று அந்த நிறுவனங்கள் சொல்கின்றன. உங்கள் எண் அதில் எவ்வளவு என்று வாங்குபவரே கணக்கிட்டுக்கொள்வார்.

பில், பெட்டி, சார்ஜர், மூடிகள், வாரன்ட்டி அட்டை எல்லாவற்றையும் ஒன்றுசேருங்கள். பில் இருந்தால் திருட்டுப் பொருள் இல்லை என்ற நம்பிக்கை வரும், விலையும் கூடும். கேமரா மெனுவில் உங்கள் பெயரும் வைஃபை இணைப்புகளும் பதிவாகியிருந்தால் அழித்து, ரீசெட் செய்யுங்கள்.

மெமரி கார்டை மட்டும் விற்கவே விற்காதீர்கள். ஃபார்மட் செய்த கார்டிலிருந்தும் படங்களை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் குழந்தையின் படங்களும், நீங்கள் எடுத்த வீட்டு விசேஷப் படங்களும் முன்பின் தெரியாதவர் கைக்குப் போகக் கூடாது.

6. விலை வைப்பதும் இடம் தேர்வதும்

இணையத்தில் விற்பவர்கள் கேட்கும் விலையை நம்பாதீர்கள். வாரக்கணக்கில் விற்காமல் கிடக்கும் விலை அது. பழைய கேமரா வாங்கும் மூன்று கடைகளில் விசாரியுங்கள். கடைக்காரர் லாபமும் உத்தரவாதமும் கணக்கில் வைத்துக் குறைவாகத்தான் கேட்பார். அதுதான் உங்கள் குறைந்தபட்ச விலை. நேரடியாக விற்றால் அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் கூடுதல்.

முதலில் தெரிந்த வட்டத்தில் சொல்லுங்கள். திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி ஸ்டுடியோக்காரர்களும் கல்யாண ஆர்டர் எடுக்கும் இளைஞர்களும் பொருளை நேரில் பார்த்து வாங்குவார்கள். அடுத்து புதுச்சேரி. சென்னைக் கடைகளுக்குப் போவதானால் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொண்டுபோய் விற்றுவிடுங்கள். போக்குவரத்துச் செலவு மிச்சம். பாடியையும் நல்ல லென்ஸையும் ஒரே தொகுப்பாக விற்பதைவிடத் தனித்தனியாக விற்றால் பெரும்பாலும் கூடுதல் கிடைக்கும். ஃபில்டர், பை, பட்டை போன்ற சில்லறைப் பொருட்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுங்கள்.

7. ஏமாறாமல் கைமாற்றுங்கள்

இணையத்தில் விளம்பரம் போட்டதும் ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி, பேரம் பேசாமல் கேட்ட விலைக்கே வாங்குகிறேன் என்று யாராவது அழைக்கலாம். க்யூஆர் கோடு அனுப்பி, பணம் வருவதற்கு அதை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். ஒன்றை உறுதியாக நினைவில் வையுங்கள்: யுபிஐயில் பணம் பெறுவதற்கு பின் நம்பர் போடவே வேண்டாம். பின் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள். வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் போதாது; உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வந்ததைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள். பொருளின் பெயர், சீரியல் நம்பர், தொகை, தேதி, இருவர் கையெழுத்து ஆகியவற்றோடு இரண்டு பிரதி எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். நாளை எந்தப் பிரச்சினை வந்தாலும் அந்தத் தாள் இருவருக்கும் பாதுகாப்பு.

8. வந்த பணத்தை அன்றே ஒதுக்குங்கள்

இந்தப் படியில்தான் பலருடைய திட்டம் கரைந்துபோகிறது. விற்ற பணம் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தால், வீட்டுச் செலவிலோ அடுத்த லென்ஸிலோ போய்விடும். வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் கடன். கிரெடிட் கார்டு பாக்கி, கேமராவின் மிச்சத் தவணை, அடகு வைத்த நகை. அடுத்து, மூன்று மாத வீட்டுச் செலவுக்குச் சமமான அவசரக் கையிருப்பு. குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் என்றால் உதவப்போவது இதுதான். மூன்றாவது, குழந்தையின் பெயரில் நீண்டகாலச் சேமிப்பு.

பத்து வயதுக்குட்பட்ட பெண் குழந்தைக்கு அஞ்சலகத்திலோ வங்கியிலோ செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். வருடத்துக்குக் குறைந்தது ரூ.250, அதிகபட்சம் ரூ.1.5 லட்சம். 15 வருடம் செலுத்தினால் போதும், 21 வருடத்தில் முதிர்வு. 2024 ஜனவரியில் வட்டி 8.2 சதவீதமாக உயர்ந்தது. அரசு காலாண்டுதோறும் இதை மறுபரிசீலனை செய்யும். அதே வட்டி நீடித்தால், லென்ஸ் விற்ற ரூ.50,000 மட்டுமே 21 வருடத்தில் ஏறத்தாழ ரூ.2.6 லட்சமாகும். ஆண் குழந்தைக்கு அஞ்சலகத்தில் பொன்மகன் பொது வைப்பு நிதி உண்டு; குறைந்தபட்சம் வருடத்துக்கு ரூ.500, காலம் 15 வருடம். இவை இரண்டிலும் பணத்தை நினைத்தபோது எடுக்க முடியாது. அதனால்தான் அவசரக் கையிருப்பை இதற்கு முன்பாக வைக்கச் சொல்கிறேன்.

9. பை மறுபடி நிறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்

புதிதாக ஒன்று வாங்கத் தோன்றினால், முதலில் அதை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அப்படியும் வேண்டும் என்றால், இருப்பதில் ஒன்றை விற்ற பிறகே வாங்குங்கள். தவணையில் வாங்கவே வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை, குழந்தையின் பிறந்தநாளை ஒட்டி, முதல் படியில் சொன்ன கணக்கெடுப்பை மறுபடி செய்யுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கை வருடத்துக்கு ஐம்பது படம் அச்சுப் போட ஒதுக்குங்கள். ஹார்டு டிஸ்க் பழுதானாலும் அச்சுப் படம் கையில் இருக்கும்.

குழந்தை பெரிதாகி ஆல்பத்தைப் புரட்டும்போது, எந்த லென்ஸில் எடுத்தது என்று கேட்கப்போவதில்லை. படம் இருக்கிறதா, படிப்புக்குப் பணம் இருக்கிறதா என்பதுதான் அன்றைக்கு முக்கியம். இரண்டையும் இன்றே தேடிக்கொள்ள முடியும். இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவைத் திறந்து முதல் கணக்கெடுப்பைத் தொடங்கிவிடுங்கள்.