வளையமா, நிக்கலா? நாணய வேட்டைக்கு டிடெக்டர் வாங்கப்போகிறவர்களுக்கு

அமெரிக்க நகரப் பூங்காவில் மெட்டல் டிடெக்டரோடு முதல்முறை இறங்குபவருக்கு நாணயத்தைவிட அதிகமாகக் கிடைப்பது குளிர்பான டப்பாவின் வளையம்தான். கருவி கணீரென்று ஒலிக்கும். மண்டியிட்டு, சிறு கத்தியால் புல்லை மூன்று பக்கம் கீறி, மூடியைப் போலத் திறந்து மண்ணைத் துழாவினால், வால் முளைத்த அலுமினிய வளையம் விரலில் மாட்டும். ஓஹையோ மாநிலத்தின் எர்மல் ஃப்ரேஸ் வடிவமைத்து 1960களில் பரவிய திறப்பு அது. இழுத்தால் டப்பாவை விட்டுப் பிய்ந்து கையோடு வந்துவிடும். குடித்தவர்கள் அங்கேயே வீசிவிட்டுப் போனார்கள். இரும்பைப் போல அது துருப்பிடித்து உதிர்வதும் இல்லை. எந்த மாடல் வாங்கலாம் என்று யோசிப்பவர் அந்த வளையத்தை மனத்தில் வைத்துக்கொண்டே கடைக்குப் போவது நல்லது.

முதலில், தேடப்போகும் காசுகளின் உலோகத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் 1964 வரை அச்சான டைம் என்னும் 10 சென்ட், குவார்ட்டர் என்னும் 25 சென்ட் இரண்டிலும் 90 சதவீதம் வெள்ளி. அதற்குப் பிந்தையவை செம்பின் மேல் செம்பு-நிக்கல் போர்த்தியவை. ஒரு சென்ட் பென்னி 1982 வரை 95 சதவீதம் செம்பாக இருந்தது. அந்த ஆண்டில்தான் செம்பு முலாம் பூசிய துத்தநாகமாக மாறியது. நிக்கல் எனப்படும் 5 சென்ட்டில், பெயர் எப்படியிருந்தாலும், முக்கால் பங்கு செம்புதான்.

உலோகம் தெரிந்தால் கருவி பேசுவது புரியும். கருவியின் அடியில் உள்ள, காயில் எனப்படும் கம்பிச்சுருள் வட்டு காந்த அலையை மண்ணுக்குள் அனுப்புகிறது. அது பட்டதும் உலோகத்தில் சிறு மின்சுழல் எழுந்து, சற்றுத் தாமதமாகப் பதில் அலை திரும்புகிறது. அந்தத் தாமதத்தை அளந்துதான் திரையில் ஓர் எண் வருகிறது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் வெள்ளிக்கும் செம்புக்கும் பெரிய எண், இரும்புக்குச் சிறிய எண். காரெட் நிறுவனக் கருவிகளின் 0 முதல் 99 வரையான அளவுகோலில் வெள்ளிக் குவார்ட்டர் 80களின் பிற்பகுதியில் நிற்கும். நிக்கல் 50ஐ ஒட்டி நிற்கும். சிக்கல் அந்த நடுப்பகுதியில்தான். டப்பா வளையமும் மெல்லிய தங்க மோதிரமும் அதே அக்கம்பக்கத்தில்தான் விழுகின்றன. வளையம் வேண்டாமென்று அந்த எண்களை அணைத்துவிட்டால், நிக்கலும் மோதிரமும் சத்தமில்லாமல் காலடியில் கடந்துபோகும்.

ஆகவே எண் காட்டும் திரை இல்லாத மாடலை நாணயத்துக்காக வாங்க வேண்டாம். காரெட்டின் ஏஸ் 200க்கும் ஏஸ் 300க்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்: 200 உலோக வகையைக் கட்டங்களில் மட்டும் காட்டும், 300 எண்ணாகவே சொல்லும். கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு அந்த ஒன்றே ஈடு.

அடுத்தது நிலம். உலர்ந்த புல்வெளிக்கு ஒரே அதிர்வெண்ணில் இயங்கும் கருவி போதும். குறைந்த அதிர்வெண் பெரிய வெள்ளிக் காசுக்கு இசைவு. கூடிய அதிர்வெண் சின்னத் தங்கத்துக்கு இசைவு. ஏஸ் 300 ஓடுவது 8 கிலோஹெர்ட்ஸில், ஏஸ் 400 ஓடுவது 10இல், நோக்டா நிறுவனத்தின் சிம்ப்ளெக்ஸ்+ 12இல். பூங்கா நாணயத்துக்கு மூன்றுமே பொருத்தம்தான்; இந்த எண்களை வைத்துக்கொண்டு இரவெல்லாம் தூக்கம் கெட வேண்டியதில்லை.

கடற்கரை என்றால் கதை வேறு. 1715இல் ஃப்ளோரிடாவின் கிழக்குக் கரையருகே ஸ்பானியக் கப்பல் கூட்டமொன்று புயலில் உடைந்து மூழ்கியது. இன்றும் பெரிய புயலுக்குப் பிறகு அந்தக் கரையில் பழைய காசு ஒதுங்குவதுண்டு. அங்கே ஈர மணலின் உப்பே மின்சாரத்தைக் கடத்துவதால், ஒற்றை அதிர்வெண் கருவி காசு இல்லாத இடத்திலும் ஓயாமல் கத்தும். பல அதிர்வெண்களை ஒரே நேரத்தில் அனுப்பும் கருவியே அங்கு அமைதியாக வேலை செய்யும்: மைன்லாபின் வான்க்விஷ் வரிசை, ஈக்வினாக்ஸ், நோக்டாவின் லெஜண்ட். வான்க்விஷில் 340 மலிவு. ஆனால் எந்தெந்த எண்ணை ஒதுக்குவது என்று நாமே அமைத்துக்கொள்ளும் வசதி 440இல்தான் தொடங்குகிறது. காந்த அலையை விட்டுவிட்டு அனுப்பும் துடிப்பு முறைக் கருவிகள் கடற்கரையில் ஆழம் போகும். ஆனால் ஆணிக்கும் காசுக்கும் வித்தியாசம் சொல்வதில் அவை பலவீனம். அவற்றோடு பூங்காவில் இறங்கினால் நாள் முழுக்கக் குழிதான் தோண்ட வேண்டும்.

இப்போது ஆழம். கடைக்குள் நுழைந்ததும் எல்லோரும் கேட்பது இதைத்தான். ஆனால் ஆழத்தைவிட, பக்கத்தில் கிடக்கும் வேறு உலோகமே பெரிய தொல்லை. 1881இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டபோது, உடலுக்குள் தங்கிய குண்டைக் கண்டுபிடிக்க, தொலைபேசியைத் தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல் ஓர் உலோகம் காணும் கருவியோடு வெள்ளை மாளிகைக்கு வந்தார். குண்டின் இடம் தெரியவில்லை. படுக்கையில் இருந்த எஃகுக் கம்பிச் சுருள்கள் கருவியைக் குழப்பின. பழைய பூங்காவிலும் இதே கதைதான். காசு நாலைந்து அங்குலத்திலேயே கிடக்கும். பக்கத்தில் கிடக்கும் ஆணியும் தகர மூடியும் அதன் குரலை அமுக்கிவிடும். பெரிய காயில் ஆழம் போகும், ஆனால் ஒரே வீச்சில் நாலைந்து உலோகத்தைச் சேர்த்து வாங்கிக்கொண்டு குழம்பும். குப்பை மிகுந்த இடத்துக்கு 6 அங்குலக் காயிலே கைகொடுக்கும். அதனால் மாடலைத் தேர்ந்தெடுக்கும்போதே அதற்குச் சின்னக் காயில் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட வேண்டும்.

எடையைக் கையில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். 1.3 கிலோ அட்டையில் படிக்கும்போது ஒன்றுமில்லை. மூன்று மணி நேரம் இடவலமாக வீசிய பிறகு தோள் கணக்குச் சொல்லும். தண்ணீரில் நனையுமா என்பதையும் தெளிவாகக் கேட்க வேண்டும். ஏஸ், வான்க்விஷ் இரண்டிலும் காயில்தான் நனையலாம், மேலே உள்ள பெட்டி நனையக் கூடாது. சிம்ப்ளெக்ஸும் ஈக்வினாக்ஸும் முழுதாகவே தண்ணீருக்குள் இறங்கும்.

வாங்கும் முன் கடையில் ஒரு சோதனை. பையில் ஒரு நிக்கல், ஒரு குவார்ட்டர், ஒரு டப்பா வளையம், ஒரு துருப்பிடித்த ஆணி கொண்டுபோகலாம். இரும்புக் கால் இல்லாத மர மேசையில் ஒவ்வொன்றாக வைத்து, காயிலை வீசி எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு குவார்ட்டருக்கு இரண்டு விரற்கடை தள்ளி ஆணியை வைத்து மறுபடி வீச வேண்டும். ஆணி பக்கத்தில் இருந்தும் குவார்ட்டரின் உயர்ந்த ஒலி விட்டுவிட்டாவது கேட்டால் அந்தக் கருவியை நம்பலாம். ஆணியின் முனகல் மட்டும் கேட்டால், விலை எவ்வளவு கூடியதானாலும் வேறு மாடலைப் பார்க்கலாம்.

புல்வெளி மட்டும் போதும் என்பவருக்கு ஏஸ் 300 நல்ல தொடக்கம். கடற்கரை எட்டும் தூரத்தில் இருந்தால் வான்க்விஷ் 440. அலைக்குள்ளும் இறங்க ஆசையென்றால் தயங்காமல் ஈக்வினாக்ஸ். கையிருப்பு முழுவதையும் கருவியில் கொட்டிவிடாமல், குழிக்குள் காசின் இடத்தைத் தொட்டுக்காட்டும் பின்பாயின்டருக்கும் நல்ல மண்கத்திக்கும் கொஞ்சம் ஒதுக்கி வைக்க வேண்டும். பின்பாயின்டர் இல்லாதவர் தோண்டும் குழி இரண்டு மடங்கு பெரிதாகும். காசின் முகத்தில் கத்திக் கீறலும் விழும்.

கருவி கைக்கு வந்துவிட்டது என்பதற்காக எங்கும் தோண்டிவிட முடியாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்குள் டிடெக்டரை எடுத்துச் செல்லவே தடை. மத்திய அரசின் நிலங்களில் தொல்பொருள்களைத் தோண்டியெடுப்பதை 1979ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நகரப் பூங்காக்களில் விதி ஊருக்கு ஊர் மாறும், பல ஊர்களில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். அந்தக் கருவியை ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் இந்தியாவின் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும்: மண்ணில் மறைந்திருந்து கிடைக்கும் புதையலின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும்.